சுண்ணாம்பு யார்டு

பாலாற்றில் அந்த வருஷமும் தண்ணீர் இல்லை.
விமானத்துரைக்கு அதுதான் பிடித்துப்போனது.
காட்பாடியில் ஜீப்பை நிறுத்தி
ஃபோர்மன் டிக்ருஸிடம் கேட்டார்:
மீட்டர் கேஜில் யார் கெட்டி?
டிக்ருஸ் சுருட்டை என் பக்கம் நீட்டினார்.
எத்திராஜுலு, பாயிண்ட்ஸ்மேன்.
பதினாறு வருஷத்தில்
என் கையால் ஒரு வேகன் தடம் புரண்டதில்லை.

போட்டோவுக்கு மேலே ஊர்ப்பெயர் இல்லை.
கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள்.
எதிரியின் யார்டு, கடலுக்கு அந்தப் பக்கம்.
முதலில் மீன்முள் மாதிரிதான் தெரிந்தது.
கண் பழகப் பழக
இது மெயின், இது லூப், இது என்ஜின் திரும்புகிற வட்டம்.
அங்கேயும் மீட்டர் கேஜ்தான்.
எவன் நாடாக இருந்தால் என்ன,
தண்டவாளம் பேசுவது ஒரே பேச்சு.

பாலத்துக்குக் கிழக்கே, மணலில்,
எட்டு ஆள், முப்பது மூட்டை சுண்ணாம்பு.
முளை அடித்துக் கயிறு கட்டி
நான் எட்டு வைத்து அளந்தேன்.
தார்ப் பீப்பாய்தான் வேகன். ஈச்சம்பாய்தான் ஷெட்.
ஆடு மேய்க்கிற பையன்கள் கரையில் நின்று
“இன்னா சாமி, ரயில் எப்போ வரும்?”

வந்தது.
காட்பாடி மலையைத் தடவிக்கொண்டு மூன்று,
இரட்டை என்ஜின், வயிறு வெளுத்தது.
நிஜ குண்டு இல்லை; விழுந்த இடத்தில் வெள்ளைப் புகை.
முதல் நாள் ஒன்று கிர்ணிப்பழக் கொடியில் விழுந்தது.
பச்சையம்மாளுக்கு இரண்டு ரூபாய் எட்டணா கொடுத்து
ரேகை வாங்கிக்கொண்டார்கள்.
அவள் அடுத்த நாளும் வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் துரை மணலில் குந்தினார்.
எங்கே அடித்தால் வலிக்கும்?

கேட்டது அவ்வளவுதான்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
ஆனால் பதினாறு வருஷத்தில்
என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

லைனைப் பெயர்த்தால் ரெண்டு ராத்திரியில் போட்டுவிடுவான் என்றேன்.
வேகன் போனால் வேறு வேகன்.
விறகு காட்டில் கிடைக்கும்.
என்ஜினுக்குத் தண்ணீர்?
போட்டோவில் ஒரு புள்ளி,
அதற்கு மட்டும் நீளமான நிழல்.
உயரமாக நிற்கிறது என்று அர்த்தம்.
விரலை வைத்தேன்.
அது தொட்டி.

துரை ஒரு டின் சிகரெட் கொடுத்தார்.
சாயங்காலம் தொட்டிக்கு மட்டும்
இன்னொரு பூச்சு அடித்தேன்,
மேலிருந்து தெரிய வேண்டுமே.

சண்டை முடிந்து எட்டு மாசம்.
மலாயாவில் ரப்பர் வெட்டப் போன தம்பி கன்னியப்பனுக்குப் பதிலாக
அவனுடைய தகர லோட்டா வந்தது.
கொண்டுவந்தவன் குடியாத்தத்துக்காரன், முருகேச நாயக்கர் மகன்.
ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய்
காட்டில் ரயில் போடச் சொன்னானாம்.
பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்:
“ஒரு யார்டுல வேலை. சாயங்காலம் தொட்டிக் குழாயில
எங்களுக்குத் தண்ணி விடுவான்.
வரிசையில நின்னோம்.
மூணு ஏரோப்ளேன். லைன்ல ஒண்ணுகூட விழல, அண்ணே.”

எந்த ஊர் யார்டு என்றேன்.
சொன்னான்; வாயில் நுழையவில்லை.
பெயரை வைத்து நான் என்ன செய்வேன்?
தொட்டிக்குத் தெற்கே லூப் எத்தனை, மூன்றா நாலா?
அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான்.
“யார் எண்ணினா? தாகமா இருந்தது.”

விழுப்புரம் பாசஞ்சரில் பாலம் தாண்டும்போது
எட்டிப் பார்ப்பேன்.
மழைக்கு லூப்பெல்லாம் கரைந்துவிட்டது.
மெயின் லைன் மேல் மாட்டுவண்டித் தடம்.
பீப்பாயை யாரோ உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
தொட்டி மட்டும் இருக்கிறது.
அதற்கு ரெண்டு பூச்சு.