சூடு சுரணை

எம்ரிஸ் சிகரெட்டை விட்டுப் பதினான்கு மாதம்.
சாம்பல் கிண்ணத்தில் இப்போது
சின்னஞ்சிறு திருகாணிகள், குறடு, நகவெட்டி,
பிய்த்த பஞ்சு,
சுருள் சுருளாய் எவர்சில்வர் கம்பி.

சமையல் மேசையில்தான் சுற்றுவான்.
மூன்று மில்லிமீட்டர் துளைக்கம்பியின் மேல்
எட்டுச் சுற்று, ஒன்றை ஒன்று தொடாமல்.
நான் மீன் கழுவும்போதும் பாடம் நடக்கும்:
"மற்ற கம்பிக்கெல்லாம் சூடு சுரணை கிடையாது, நெஸ்ட்டா.
எவ்வளவு காய்ச்சினாலும் தடை அப்படியே நிற்கும்.
இது அப்படியில்லை.
சூடு ஏற ஏறத் தடையும் ஏறும்.
அந்த ஏற்றத்தைப் படித்துத்தான் கருவி
இருநூற்றுப் பத்தில் கையைக் கட்டிக்கொள்ளும்.
பஞ்சு கருகாது.
ஒன்றே ஒன்று: முதல் அளவு
ஆறிய கம்பியில் எடுக்க வேண்டும்."

செதிலைச் சுரண்டிக்கொண்டே தலையாட்டுவேன்.
பாங்கர் ஆஸ்பத்திரியில் நான் கத்தரி கழுவுகிறவள்.
அங்கேயும் இந்த எவர்சில்வர் குடும்பம்தான்.
நூற்று முப்பத்து நான்கு டிகிரி ஆவியில் வேகவைத்து எடுப்போம்.
ஆறும்வரை தொடாதே என்று
சுவரில் எழுதி வைத்திருக்கிறது.

ஹோலிஹெட்டில் ஜனவரி.
டப்ளின் கப்பல் வரவில்லை.
துறைமுக விளக்குகளைக் காற்று ஆட்டிக்கொண்டிருக்க,
எண்பது லாரிகளை வரிசையில் விட்டுவிட்டு
நனைந்த ஆரஞ்சுச் சட்டையோடு
விடியுமுன்னே வந்துவிட்டான்.
உலர்த்த வாங்கினேன்.
உள்பையில் ஒரு சிகரெட் பெட்டி.

"லிதுவேனியாக்காரன் ஒருத்தன்.
கொஞ்சம் பிடி என்றான், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்."
லிதுவேனியாக்காரனுக்குப் பெயர் உண்டா?
இருந்தது. ரிமன்டாஸ்.
உடனே சொன்னான்.
உடனே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பேசியதையெல்லாம் எழுத மாட்டேன்.
விற்ற கார் வந்தது, என் தங்கை வந்தாள்,
இரண்டாயிரத்து ஒன்பது வந்தது.
கெட்டில் கத்தியது. இருவரும் போய் அணைக்கவில்லை.

பேச்சில் தோற்றவன் மேசைக்குப் போனான்.
புதுச் சுருளைத் திருகினான். சிவக்கக் காய்ச்சினான்.
பஞ்சைத் திணித்துத் திரவம் சொட்டினான்.
எனக்குப் பாடம் சொன்ன அதே ஆள்
ஆறவிடாமல் பொத்தானை அழுத்தினான்.
கருவி எழுதிக்கொண்டது:
இதுதான் குளிர்.

ஒரே இழுப்பு.
அடுக்களை முழுக்கக் கருகிய பஞ்சு.
தொட்டியைப் பிடித்துக்கொண்டு இருமினான்,
பழைய இருமல், நாற்பது வருட இருமல்.
தண்ணீர் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

"இருநூற்றுப் பத்துதானே வைத்தாய்?"

"அதன்மேல் தப்பில்லை.
சூட்டைக் காட்டி, குளிர் என்று சொல்லிக்கொடுத்தேன்.
அங்கிருந்து எண்ணுகிறது, பாவம்."

பாவம் என்றது கருவியை.
நான் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.
இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு மார்ச் இரவு,
இவன் இவ்வளவுதான் என்று
அவனை நான் அளந்து குறித்துக்கொண்ட அந்த இரவு,
இதே அடுக்களையில்
எத்தனை டிகிரி இருந்திருக்கும்?

கருகியதைப் பிடுங்கி எறிந்தான்.
மறுபடி எட்டுச் சுற்று. மறுபடி சிவப்பு.
ஆக்கப் பொறுத்தவர்கள்தான் இருவரும்.
ஆறப் பொறுத்ததில்லை.
ஜன்னலோரம் வைத்தோம்,
சட்டத்தின் இடுக்கில் கடல்காற்று கசியும் இடத்தில்.
திரையில் எண் இறங்கத் தொடங்கியது.
பூஜ்யம் புள்ளி நான்கு ஆறு.
நான்கு நான்கு.

பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினேழு.
மூன்றைப் பற்றிக் கேட்கவில்லை.
ரிமன்டாஸும் புகைப்பவன்தானே,
கப்பல் வராத மழையில்.

வெளியே ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போனது.
நான்கு இரண்டு.
நான்கு ஒன்று.
நின்றுவிட்டது போலிருந்தது.
"பூட்டிவிடவா?" என்றான்,
கட்டைவிரல் பொத்தான்மேல்.

சுருளைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம், என்றேன்.