இருநூறு மில்லிகிராம்

முதலில் பல் என்றுதான் நினைத்தேன்.
எலிஸ் அவெனியூவில் ஒரு பல் வைத்தியர்
மேல்வரிசையில் இரண்டைக் கழற்றினார்.
நல்ல பற்கள்.
சின்னக் குப்பியில் போட்டுக் கையில் தந்தார்.
வலி அவற்றோடு போகவில்லை.

சவர அலகு கன்னத்தைத் தொட முன்னம் வரும்.
முதல் வாய்த் தேத்தண்ணிக்கு வரும்.
வின்னிபெக்கின் பஸ் தரிப்பில், மைனஸ் முப்பத்தொன்றில்,
காற்று மூக்கின் வலப்பக்கம் விரல் வைத்ததும்
அறுந்த மின்கம்பி ஈரத்தில் விழுந்த மாதிரி
ஒரு வெட்டு.
எட்டு வினாடி.
பிறகு ஒன்றுமேயில்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான் கூடப் பயம்.

மே மாதத்திலும் முகத்தில் சால்வை சுற்றிக்கொண்டு
கராஜில் பஸ்களுக்குப் பிரேக் மாற்றினேன்.
"எந்த வங்கி இன்றைக்கு?" என்றான் பக்கத்து மேடை உக்ரேனியன்.
சிரிக்க முடியாது.
சிரிப்பும் ஒரு தொடுகை.

நரம்பு வைத்தியர் படம் கீறினார்:
காதடியிலிருந்து மூன்று கிளை,
நடுக்கிளையில் பேனாவால் ஒரு குத்து.
"உங்கள் நரம்பின் உறை தேய்ந்துவிட்டது."

மருந்தகத்தில் மரிசெல் கேட்டாள்,
வலிப்பு எப்போதாவது வந்திருக்கிறதா?
இல்லை, வலிதான்.
இரண்டுக்கும் இதுதான், என்றாள்,
நரம்புகள் காரணமில்லாமல் கத்தத் தொடங்கினால்
அமர்த்துகிற மருந்து.
எங்கள் பாஷையில் அந்த வருத்தத்தின் பெயருக்குள்ளேயே
வலி இருக்கிறது என்று
அவளுக்குத் தெரியாது.
நானும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வீட்டில் போத்தலைத் திருப்பி வாசித்தேன்.
கார்பமசெப்பின்.
இதை முன்னமும் வாசித்திருக்கிறேன்.

மொன்றியல், தொண்ணூற்றெட்டு.
கோட் டெ நேஜில் மூன்றாம் மாடி,
பெண் பார்க்கப் போன வீடு.
கை கழுவப் போனவன்
கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன்.
ஏன் திறந்தேன்?
சத்தியகலா, இரவில் இரண்டு,
என்று ஒட்டியிருந்தது.
காரில் அக்காவுக்குச் சொன்னேன்.
அக்கா யாரிடமோ விசாரித்தாள்.
"அது வலிப்புக்குக் குடுக்கிறது."
சாதகம் பொருந்தவில்லை என்று
தொலைபேசியில் சொன்னது நான் அல்ல.
பக்கத்தில் நின்றேன்.

வலிப்பா, கன்னமா
என்று ஒருவரும் கேட்கவில்லை.
பலகாரத் தட்டை நீட்டியபோது
அவள் சிரிக்கவில்லை.
அதையும் ஒரு குறையாகச் சொன்னோம்.

மூன்றாம் கிழமை வலி பின்வாங்கியது.
போகவில்லை; கதவுக்கு வெளியே
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறது.
பதிலுக்கு நிலம் கப்பல்தளம் மாதிரி ஆடுகிறது.
சாமான்களின் பெயர்கள் நாக்குக்கு வரப் பிந்துகின்றன.
"அதை எடு" என்றால்
எதை என்று மனைவி கேட்கிறாள்,
எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா.
மாதாமாதம் இரத்தத்தில் உப்புப் பார்க்கிறார்கள்.
மகளின் வயலின் அரைச் சுருதி இறங்கிக் கேட்கிறது.
"தந்தியைக் கூட்டு" என்றேன்.
சரியாகத்தான் இருக்கிறது அப்பா, என்றாள்.
அவளுடைய குரலும் இறங்கித்தான் கேட்டது.

நேற்றுக் காலை
முகம் முழுக்க நுரை பூசி
வலப்பக்கமும் சவரம் செய்தேன்.
ஐந்து மாதத்துக்குப் பிறகு
என் தாடையை நானே பார்த்தேன்.
அப்படியே அழுதுகொண்டு நின்றேன்,
கண்ணீர் கன்னத்தில் இறங்கியும்
ஒன்றும் நடக்கவில்லை.

இன்றைக்கு மகளைப் பார்க்க
மிசிசாகாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.
லோகேஸ்வரி குளியலறையில் இருந்த போத்தலை
உடுப்பு லாச்சிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.
"உங்களுக்கு என்றாலும்
இரத்தத்தில் இருக்கு என்பார்கள்."

அவள் வடை சுடப் போனதும்
எடுத்துக்கொண்டு வந்து
கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் வைத்தேன்,
மருந்தின் பெயர்
முன்பக்கம் தெரிய.