ஐயாயிரம் கிலோமீட்டர்

மூரோனிலிருந்து ஹத்கலுக்கு நூறு கிலோமீட்டர்.
பதினோரு பேர், மூன்று மாவு மூட்டை,
சில நாள் கால் கட்டிய ஓர் ஆடு.
அதற்கும் டிக்கெட் உண்டு.
வண்டி ருஷ்ய ஃபுர்கோன், சாம்பல் நிறம்,
என் மகளுக்கு நான்கு வயது மூத்தது.

அக்டோபர்.
வாளியில் ஐஸ் பிடித்துவிட்டது.
கன்சோரிக் வந்து நிற்கிறான்.
விவாகரத்தாகி ஒன்பது வருடம்.
வீட்டுக்குள் வரமாட்டான்,
ஸ்பானர் பையோடு நேரே வண்டிக்குள் ஏறுவான்.

இந்த வண்டிக்கு எஞ்சின்
முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
இரண்டு இருக்கைக்கும் நடுவே
மெத்தை தைத்த ஒரு மூடிக்கு அடியில்.
பதினாறு வருடம் அதற்கு
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
கத்தினால்தான் காது கேட்கும்.
கத்தாமல் பேசும் பழக்கம்
எங்களுக்கு வராமலே போய்விட்டது.

மூடியைத் தூக்கினான்.
பழைய ஆயில் தட்டில் இறங்கியது,
தாரைப் போல, அவசரமில்லாமல்.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
ஒரு கோடைகாலம் முழுக்க மடியில் கொட்டியது.
நான்கு பிளக்கையும் வரிசையாய்த் துணியில் வைத்தான்.
மூன்று பிஸ்கட் நிறம்.
மூன்றாவது மட்டும் கரி.
"மறுபடி இவனா" என்றான்.
"அவனேதான்."
ஊரில் ஒரு குடிகாரனைப் பற்றிப் பேசுவது போல.

வால்வு இடைவெளி பார்க்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் வெளியே நின்று கம்பி போட்டுச் சுற்ற,
ஒருவர் உள்ளே குனிந்து
"நிறுத்து" என்று சொல்ல.
சுற்றுவது நான்.
எங்கள் வீட்டில் அவன் சொல்லி நான் நிறுத்தியது
இது ஒன்றைத்தான்.

ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று.
நெருப்புப் பிடிக்கும் வரிசை அதுதான்.
மகள் எண்ணக் கற்றதும் அப்படித்தான்.
முதல் வகுப்பில் டீச்சர் கூப்பிட்டனுப்பினாள்,
குழந்தைக்கு ஏதோ கோளாறு என்று.
இவன் போய்
எஞ்சினை வரைந்து காட்டிவிட்டு வந்தான்.

ஃபீலர் கேஜின் தகட்டை எட்டிப் பிடித்துப் பார்த்தான்.
கிட்டே கொண்டுவந்து பார்த்தான்.
வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
"முப்பத்தைந்து" என்றேன்,
யாரிடமும் சொல்லாததுபோல்.
தகடு உள்ளே போயிற்று.
ஈரத்தாளின் கீழிருந்து இன்னொரு தாளை உருவுகிற
அந்தச் சிறு பிடிப்பு வரும்வரை
திருகினான், தளர்த்தினான், திருகினான்.
இறுகினால் கருகும். தளர்ந்தால் கத்தும்.
தெரியும். இரண்டையும் செய்து பார்த்தவர்கள்தான்.

கார்டான் முட்டுகளுக்கு கிரீஸ்.
பாயின்ட்டுக்கு உப்புத்தாள்.
ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான்,
ஒரு விரல்கடை இறங்கியது, போதும்.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.
கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று,
அரைக்கால் சுற்று என்று தடவினான்.
"டப்பெட் தட்டுகிறதா?"
இல்லை என்றேன்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி,
"தட்டுகிறதா?"
தெருமுனையில் வரும் வண்டியின்
எந்த வால்வு என்று சொன்ன காது அது.
"தட்டவில்லை" என்றேன்.
கத்தித்தான்.

மூடியைப் போட்டு அதன்மேல்
உப்புத் தேநீர்க் கிண்ணத்தை வைத்தேன்.
மேலே பாலாடை வட்டம் வட்டமாய் நடுங்கியது,
விளிம்பைத் தாண்டவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்தது ஐயாயிரத்தில்."
"சரி."

கிலோமீட்டர் எண்
ஆறு வருடமாக அறுபத்தோராயிரத்து நானூற்றெட்டில் நிற்கிறது.
நடைகளை எண்ணி நான்தான் நோட்டில் எழுதுகிறேன்.
ஐம்பது நடை, ஐயாயிரம்.
இந்த முறை முப்பத்தெட்டிலேயே போன் செய்துவிட்டேன்.
அவன் நோட்டைக் கேட்கவில்லை.

மீட்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், அவ்வளவுதான்.
எங்கேயும் கிடைக்கவில்லை என்று
அவன்தான் அப்போது சொன்னான்.
மூரோன் சந்தையில் மூன்று கடையில்
அது கொத்தாகத் தொங்குகிறது.
விலைகூட விசாரித்தேன்.
வாங்கவில்லை.