செக்ரோலில் நான்கு கட்டம்

ஒரு கட்டம் மட்டும் அழிந்தால்
அதில் மர்மம் ஒன்றுமில்லை.
போன மாதம் எலி கடித்த செவ்வாய்க்கிழமையை
தேத்தண்ணி ஆறுமுன்னே மீட்டேன்.
தொண்ணூறில் ஐம்பத்திரண்டு போனால் முப்பத்தெட்டு.
குறுக்கே கழித்தாலும் நெடுக்கே கழித்தாலும்
அதே முப்பத்தெட்டு வந்து நின்றது,
முன்கதவைத் தட்டினாலும் பின்கதவைத் தட்டினாலும்
அதே ஆள் எட்டிப் பார்ப்பது மாதிரி.

இந்த வியாழக்கிழமை அப்படியில்லை.

கீழ்க்கோத்தகிரியில் மூன்று நாளாக விடாத மழை.
ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று
கொழுந்தைத் தராசில் கழித்துக்கொண்டே போனால்
ஒருநாள் பெரட்டில் ஆட்களும் கழிவார்கள்.
கழிந்தார்கள்.

மேட்டு லைன் அறுபத்துநாலு பேர்.
பள்ளத்து லைன் ஐம்பத்திரண்டு.
இரண்டிலுமாக வந்தவர் எழுபத்தொன்று,
வராதவர் நாற்பத்தைந்து.
மூலையில் நூற்றுப்பதினாறு.
ஓரத்துக் கூட்டல்கள் பால்பாயிண்டில் எழுதியவை,
அசையவில்லை.
நடுவில் நாலு கட்டமும் மைப்பேனா.
அதன்மேல் கிளாஸ் கவிழ்ந்துவிட்டது.
கவிழ்ந்துவிட்டது என்றுதான் நான் சொன்னேன்.

ஜெயசீலன் துரை கணக்கில் பட்டம் வாங்கியவர்.
"ஓரமெல்லாம் இருக்கே, உள்ளே இருந்தது எங்கே போகும்?"
என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.
எந்த லைனில் ஆரம்பித்தது என்று தெரிந்தால் போதும்,
அந்த லைனுக்குத் தண்ணீர்க் குழாய் மூடப்படும்.

மேட்டு லைனில் வராதவர் பத்து என்று வைத்தார்.
அங்கே வந்தவர் ஐம்பத்துநாலு,
பள்ளத்தில் வராதவர் முப்பத்தைந்து, வந்தவர் பதினேழு.
கூட்டினார். சரி.
முப்பது என்று வைத்தார்.
முப்பத்துநாலு, பதினைந்து, முப்பத்தேழு.
அதுவும் சரி.
சைபர் வைத்தார், சரி.
நாற்பத்தைந்து வைத்தார்,
பள்ளத்து லைன் முழுதும் ஒழுங்காக வேலைக்கு வந்தது.
நாற்பத்தாறு விடைகள், ஒன்றிலும் பிழையில்லை.
பென்சிலைக் கீழே வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களைப்
பனி விழுங்கியிருந்தது.
வேலிக்கும் ஓடைக்கும் நடுவில்
ஒரு காட்டெருமை மூச்சு விடுகிற சத்தம்.
இருக்கிறது, அது நிச்சயம்.
எந்த வரிசைச் செடிக்குப் பக்கத்தில் என்று
யாராலும் சொல்ல முடியாது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் என்னிடம்.
"எந்தக் கட்டமானாலும் பரவாயில்லை.
மிச்சம் மூணையும் நானே எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரியும்.
ஒரு எண் வாயிலிருந்து விழுந்தால்
மற்ற மூன்றும் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்,
பெயர்களும் பின்னாலேயே வரும்.
சிவபாக்கியம் வருவாள், கைக்குழந்தையோடு.
என் தங்கை யோகமலர் வருவாள்.

காலையில் என்னோடு ஆள் எண்ணியவர்
கண்டக்டர் பெள்ளி.
அவரைத் துரை திரும்பிப் பார்த்தபோது
அவர் குனிந்து
கணுக்காலில் ஏறிய அட்டையை
உப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்,
ரொம்ப நேரமாக,
ஒரே அட்டையை.

"ஞாபகமில்லை சார்" என்றேன்.

அந்த எண்ணை
நான் இங்கேயும் எழுதவில்லை.
படிப்பவர்களில் யாருக்கெல்லாம்
கழிக்கத் தெரியுமோ.