பழவூரில் காற்று நிற்கவில்லை

வள்ளியூரில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்
என் மேசை.
காற்றாலையின் இறக்கையைத் திருப்பும் நிரல் என் பொறுப்பு.
எந்தக் காற்றுக்கு எவ்வளவு சாய வேண்டும்,
எந்தக் காற்றுக்குப் போதுமென்று நிற்க வேண்டும்,
அவ்வளவுதான்.

காற்றை அளப்பது சூசை மிக்கேலின் நிரல்.
உவரியில், வீட்டிலிருந்தே எழுதுகிறார்.
நாங்கள் நேரில் பார்த்ததில்லை.
நடுவே பதினாறு வரிக் கோப்பு ஒன்று,
இடைமுகம் என்று அதற்குப் பெயர்.
காற்றின் வேகம் கேட்டால் ஒரு முழு எண் தருவேன்
என்று அதில் எழுதியிருக்கிறார்.
எப்படித் தருவார் என்று எழுதவில்லை.
எழுதக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அந்தப் பதினாறு வரி போதும் கம்பைலருக்கு.
உவரியில் கரண்ட் போன மத்தியானங்களிலும்
என் பாதி இங்கே கம்பைல் ஆகிவிடும்.
இரண்டு பாதிகளும் ராத்திரி பதினோரு மணிக்குப்
பணகுடி சர்வரில் சந்திக்கும்.
இணைப்பி வரும், பெயர்களைச் சரிபார்க்கும்,
ஒட்டிவிட்டுப் போய்விடும்.
மாறாத கோப்பை மறுபடி தொடுவதில்லை.
மூன்று நிமிஷ வேலையை
ஒன்பது நொடியாக்கியவள் நான்.
ஒரு காலத்தில் இதை எல்லோரிடமும் சொல்வேன்.

ஆனி பத்தாம் தேதி காலை
பழவூரிலிருந்து உச்சிமாகாளி போன் செய்தார்.
"மேடம், இங்க காத்து வேட்டிய உருவுது.
பக்கத்துக் கம்பெனிக்காரன் காத்தாடியெல்லாம் சுத்துது.
நம்ம பதினாலும்
நோம்பு பிடிச்ச மாதிரி நிக்கு."

பதிவைத் திறந்தேன்.
காற்று: நாற்பது.
இருபத்தைந்தைத் தாண்டினால் புயல், நிறுத்து
என்பது என் வரி.
நொடிக்கு நாற்பது மீட்டர் அடித்திருந்தால்
உச்சிமாகாளி போனோடு
ராதாபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கியிருப்பார்.

"முந்தாநாள் மாத்துனேன்," என்றார் சூசை மிக்கேல்,
பின்னால் கடல் இரைந்தது.
"மணிக்குக் கிலோமீட்டர்ல வேணும்னாங்க.
ஆனா இடைமுகத்தத் தொடவே இல்லியே நான்."

தொடவில்லை. நிஜம்.
முழு எண் தருவேன் என்றார், தந்தார்.
முழு எண் வாங்குவேன் என்றேன், வாங்கினேன்.
கோப்பு மாறாததால்
என் பாதியை யாரும் எழுப்பவில்லை.
யாரும் வாக்குத் தவறவில்லை,
பதினாலு காற்றாடிகள்
ஆனிக்காற்றில் சும்மா நின்றன.

அன்று ராத்திரி இடைமுகத்தைத் திறந்து
முழு எண் என்பதை அழித்தேன்.
நொடிமீட்டர் என்று புதிதாக ஒரு வகை.
உள்ளே இருப்பது அதே எண்தான்.
பெயர் வேறென்றால்
வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன் கம்பைலரை.
எனக்கு இந்த ஊர்தான்.
என் அப்பாவின் பெயரைக் கேட்டு
எந்தத் தெரு என்று கேட்டு
அப்புறம் நாற்காலியைக் காட்டிய வீடுகள் உண்டு.
மனிதரிடம் நான் வெறுக்கிற விதியை
எண்களுக்குப் போட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் விரலை எடுத்து வைத்திருந்தேன்.

பிறகு அழுத்தினேன்.
அந்தப் பதினாறு வரியை நம்பியிருந்த ஒவ்வொன்றும்
எழுந்து வந்தது. ஒன்பது நொடி இல்லை,
பழைய மூன்று நிமிஷம்.
பிழைகள் இருபத்தேழு.
பதினொன்று உவரிக்கு, மிச்சம் எனக்கு.
அதில் ஒன்று,
இரண்டு வருஷமாக வெயிலின் டிகிரியைக்
காற்றோடு கூட்டிக்கொண்டிருந்த வரி.
எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது.
என் பெயர்.

விடியும்போது உச்சிமாகாளி.
"சுத்துது மேடம்.
மூணாம் நம்பர் மட்டும் நிக்கு."
வயிற்றில் கல் விழுந்தது. ஏன், என்றேன்.
"அது கிரீஸ் இல்லாம.
போன மாசமே சொன்னேன்லா."