வெருட்டு

சில்வெஸ்டர் எழும்பிப் போகும்வரை
நேர்மையாகத்தான் விளையாடினேன்.
வெறிகாரனை வெருட்ட ஏலாது,
எதையும் காட்டச் சொல்வான்.

உப்புவெளி. வாடைக்காற்றில் தகரம் அடித்தது.
ஐஸ் பெட்டிக்கு மேலே போக்கர்.
என் கையில்
கலாவரை ஏழு, டயமன் இரண்டு.
குணநேசனின் மடியில்
நாளைக்குக் கட்டவேண்டிய எஞ்சின் தவணை.

அவன் மடியைத் தொட்டுப் பார்த்த பிறகு
நாலாயிரம் தள்ளினேன்.
நல்ல சீட்டு வந்தால் குடிக்கிற மாதிரியே
இடக்கையால் தேத்தண்ணி குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது.

கவிழ்த்தான்.
ராசா இரண்டும் வைத்திருந்திருக்கலாம்.
அவன் கேட்கவில்லை,
நான் காட்டவுமில்லை.

விடியப்புறம் கோட்டை வாசலில்
கொம்பு உதிர்ந்த கலைமான் ஒன்று
நடுறோட்டில், தலை தாழ்த்தி.
கோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு
பஸ்
பின்னுக்குப் போனது.