ஒரு நாள் பாஸ்

சலவை அறைக்கு ஒரே ஒரு பாஸ் வந்தது.
நாணயம் சுண்டினோம். தலை விழுந்தது, எனக்கு.

கப்பல் சென்னையில் நிற்பது இரண்டு இரவு,
நடுவில் ஒரு பகல்.
பாம்பன் போய் அம்மாவைப் பார்த்துத் திரும்ப
அது போதாது என்று
நான் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள்
தீர்த்தகிரி சொன்னான்:
"அப்ப எங்க ஊருக்குப் போயிட்டு வா, கில்பர்ட்டு.
ராத்திரி ரயில் ஏறுனா விடியறதுக்கு முன்ன சேலம்.
வீடு லிண்டல் மட்டம் வந்திருக்காம்.
போட்டோ கேட்டா சிக்னல் இல்லேங்கறா.
நீ ஒண்ணு எடுத்துட்டு வா."

பயணிகள் விட்டுப்போன ஷாம்பு புட்டிகள் நாற்பது,
பிரிக்காத செருப்பு இரண்டு ஜோடி,
ஒரு பொம்மைத் திமிங்கலம்.
இதுதான் என் மூட்டை.

மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.
பதினொன்றில் குமட்டியது.
அலை தளத்தையே சாய்க்கும்போது
நின்றுகொண்டு இஸ்திரி போட்டவன் நான்.
பக்கத்து இருக்கைப் பெண்
கேட்காமலே ஒரு எலுமிச்சையை நீட்டிவிட்டு
மறுபடி தூங்கிப்போனாள்.

நாகலூர் தாண்டி ஒரு மைல் நடை.
போன வாரம் மழையாம். காபி பூத்திருந்தது.
வெள்ளை என்றால் எனக்கு எண்ணிக்கை:
விரிப்பு மூவாயிரம், துண்டு ஐயாயிரம்,
கறை படிந்தது தனியே.
இதை எண்ணச் சொல்லி யாருமில்லை.
சற்று நேரம் என் கைகள்
என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

"எங்கப்பா இருக்கிற ஆஸ்பத்திரியிலதான் நீங்களும் இருக்கீங்களா?"
என்றாள் தர்ஷினி.
போனில் அவன் முகத்துக்குப் பின்னால்
எப்போதும் வெள்ளைத் துணிதானே.
கப்பல் என்றேன்.
கடல் எப்படி இருக்கும் என்றாள்.
எங்கள் தளத்துக்கு ஜன்னல் இல்லை.
"சத்தமா இருக்கும்" என்றேன்.
அதற்குள் திமிங்கலத்துக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு.
கை கழுவியதும் வீட்டைக் காட்டினாள் கோகிலா.
முழங்கால் உயரக் கருங்கல் கடைக்கால்.
அறைகள் இருக்கவேண்டிய இடத்தில் புல்.
வரவேற்பறையில் ஓர் ஆடு.

"போன ஐப்பசியில எனக்கு வயித்துல ஆபரேசன்.
அவருக்குத் தெரியாது.
தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவாரு.
வந்துட்டா இதுவும் இல்ல."
ஆட்டை விரட்டினாள்.
"லிண்டல் வந்துருச்சுன்னு சொல்லிருங்கண்ணே."

மணி மூன்று.
தர்ஷினியைக் கடைக்கால் மேல் நிற்க வைத்தேன்.
கீழிருந்து குனிந்து எடுத்தேன்.
அவளும் திமிங்கலமும், பின்னால் வானம்.
வேறெதுவும் விழாத கோணம் கிடைக்க
ஆறு முறை எடுக்கவேண்டியிருந்தது.

இறங்குகிற பஸ்ஸில் குமட்டவில்லை.
சேலத்தில் ரயிலுக்கு நேரம் இருந்தது.
வண்டிக்கடையில் தட்டுவடை செட் இரண்டு,
நின்றபடியே தின்றேன்.
மடியில் கோகிலா கொடுத்த மிளகுப் பொட்டலம்
ரயில் முழுக்க மணந்தது.

காலை ஆறுக்குக் கப்பல் வாசலில் கையெழுத்து.
ஆறேகாலுக்குச் சலவை அறை.
போனை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.
மகளைப் பெரிதாக்கினான்.
பிறகு மகளைத் தள்ளிவிட்டு
அவள் காலடியைப் பெரிதாக்கினான்.

"செவுரு காணமே."

"பனி" என்றேன்.

"சித்திரையில. பகல்ல."
அது கேள்வி இல்லை.

இயந்திரம் ஒரு சுற்று சுற்றி நின்றது.
பொட்டலத்தைப் பிரித்து
ஒரு மிளகை வாயில் போட்டுக் கடித்தான்.
"நல்லாக் காய வச்சிருக்கா" என்றான்.
சூடு ஆறாத விரிப்பை உருவி
ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.